சாட்சி, சம்மன், வாக்குமூலம்: சிங்கப்பூரில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஒரு வழக்கறிஞர் அலுவலகத்தில் 20 ஆண்டுகளுக்கு மேல் குமாஸ்தாவாக இருந்தேன். ஓய்வு பெற்ற பிறகும் கேள்விகள் ஓயவில்லை. தேக்கா சந்தையில் மீன் வாங்கும்போதும், புளோக் கீழ்த்தளத்தில் யாருக்காவது காத்திருக்கும்போதும் யாராவது வந்து, "அக்கா, ஒரு டவுட்டு" என்று தொடங்குவார்கள். பத்தில் எட்டு கேள்வி ஒரே கேள்விதான். அதனால் எழுதி வைத்துவிட்டேன். கேள்விகளைக் கேட்டவர்கள் சொன்ன வார்த்தையிலேயே விட்டிருக்கிறேன்.

நான் வழக்கறிஞர் இல்லை. இது பொதுவான விளக்கம். உங்கள் தலைக்கு மேல் கத்தி தொங்குகிறது என்று தோன்றினால் முதலில் ஒரு வழக்கறிஞரைப் பாருங்கள், அப்புறம் இதைப் படியுங்கள்.

"போலிஸ்ல இருந்து போன். ஸ்டேட்மெண்ட் கொடுக்க வரணுமாம். நான் என்னக்கா தப்பு பண்ணேன்?"

பெரும்பாலும் ஒன்றும் பண்ணியிருக்க மாட்டீர்கள். குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 21-வது பிரிவின்படி, ஒரு சம்பவத்தைப் பற்றி விவரம் தெரிந்தவர் என்று தோன்றும் யாரையும் காவல்துறை எழுத்துமூலம் அழைக்கலாம். கடை வாசலில் இரண்டு பேர் அடித்துக்கொண்டால், கல்லாவில் உட்கார்ந்திருந்தவரையும் கூப்பிடுவார்கள். அவர் செய்த ஒரே காரியம் அந்த நேரத்தில் அங்கே இருந்ததுதான்.

"விசாரணைக்கு உதவி வருகிறார்" என்று செய்தியில் வருமே, அந்த வாசகம் சாட்சிக்கும் பொருந்தும், சந்தேக நபருக்கும் பொருந்தும். அதனால் போனிலேயே பணிவாகக் கேட்டுவிடுங்கள்: "நான் சாட்சியாக வருகிறேனா, என் மேல் ஏதாவது புகார் இருக்கிறதா?" சில அதிகாரிகள் சொல்வார்கள், சிலர் மழுப்புவார்கள். கேட்பதில் தவறில்லை. ஒன்றை மட்டும் மனத்தில் வையுங்கள். சாட்சியாக உள்ளே போனவர் பேசப்பேச சந்தேக நபராக மாறுவதும் உண்டு.

"போன் பண்ணது நெஜமாவே போலிஸ்தானான்னு எப்படித் தெரியும்?"

நல்ல கேள்வி. இப்போதெல்லாம் இதைத்தான் முதலில் கேட்க வேண்டியிருக்கிறது. அதிகாரியின் பெயர், எந்தப் பிரிவு, வழக்கு எண் மூன்றையும் குறித்துக்கொண்டு போனை வையுங்கள். பிறகு அந்தக் காவல் நிலையத்தின் எண்ணை நீங்களே தேடி எடுத்து அழையுங்கள். அவர் கொடுத்த எண்ணுக்கு அழைக்காதீர்கள்.

பணத்தை "பாதுகாப்பான கணக்குக்கு" மாற்றச் சொல்வது, வங்கி ஓடிபி கேட்பது, வீடியோ காலில் சீருடையைக் காட்டி மிரட்டுவது எதையும் உண்மையான காவல்துறை செய்யாது. சந்தேகம் இருந்தால் 1799 என்ற ஸ்கேம்ஷீல்டு (மோசடித் தடுப்பு) உதவி எண்ணில் கேளுங்கள்.

"வேலை ஜாஸ்தி. போகாம விட்டுட்டா என்ன ஆகும்?"

எழுத்துமூல ஆணை வந்தும் போகாமல் இருந்தால், அதிகாரி மாஜிஸ்திரேட்டிடம் போய்ச் சொல்லலாம். அவர் உங்களை வரவழைக்க வாரண்டு பிறப்பிக்கலாம். அதுபோக, அரசு ஊழியரின் சட்டப்படியான அழைப்பை மீறுவதே தனிக் குற்றம்.

நடைமுறையில் விஷயம் இவ்வளவு தூரம் போவதில்லை. ஷிஃப்டு இருக்கிறது, பிள்ளைக்குப் பரீட்சை என்று காரணம் சொல்லி வேறு நாள் கேட்டால் பெரும்பாலும் தருவார்கள். போனை எடுக்காமல் ஒளிந்துகொண்டால்தான் அவர்களுக்குச் சந்தேகம் வரும்.

"கேக்குற எல்லாத்துக்கும் பதில் சொல்லியே ஆகணுமா?"

இந்தப் பக்கத்தில் ஒன்றே ஒன்றைத்தான் படிப்பீர்கள் என்றால், இதைப் படியுங்கள். அதே குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 22-வது பிரிவு இரண்டு விஷயம் சொல்கிறது. ஒன்று, வழக்கின் விவரங்களைப் பற்றி உங்களுக்குத் தெரிந்ததை உண்மையாகச் சொல்லக் கடமைப்பட்டவர் நீங்கள். இரண்டு, உங்களையே குற்றச்சாட்டிலோ அபராதத்திலோ மாட்டிவிடக்கூடிய எதையும் நீங்கள் சொல்ல வேண்டியதில்லை.

ஆக, "இந்தக் கேள்விக்குப் பதில் சொன்னால் நான் மாட்டிக்கொள்வேன், அதனால் சொல்ல விரும்பவில்லை" என்று சொல்வதற்குச் சட்டத்தில் இடம் இருக்கிறது. அதே கேள்விக்கு ஒரு பொய்யைச் சொல்வதற்கு இடமே இல்லை. நம் ஆட்கள் செய்வது இதற்கு நேர் தலைகீழ். வாயை மூடிக்கொண்டிருந்தால் மரியாதைக் குறைவு என்று நினைத்து, ஏதாவது ஒன்றைச் சொல்லி வைப்பார்கள். சொல்லாமல் விடலாம் என்று அதிகாரி உங்களுக்கு நினைவூட்ட வேண்டிய கட்டாயம் கிடையாது. உங்களுக்கே தெரிந்திருக்க வேண்டும்.

இந்தச் சலுகை உங்களைக் காக்க மட்டும்தான். நண்பன் மாட்டிக்கொள்வானே, முதலாளி கோபப்படுவாரே என்பதற்காக வாயை மூடிக்கொள்ள இது உதவாது.

"எனக்கு இங்கிலீஷ் அவ்வளவா வராது. அவங்க டைப் பண்ணதுல கையெழுத்து மட்டும் போட்டேன். பரவாயில்லையா?"

பரவாயில்லை என்று சொல்ல மாட்டேன். வாக்குமூலம் எழுத்தில் இருக்க வேண்டும், உங்களுக்குப் படித்துக் காட்ட வேண்டும், ஆங்கிலம் புரியாதவர் என்றால் புரியும் மொழியில் மொழிபெயர்த்துச் சொல்ல வேண்டும், பிறகுதான் கையெழுத்து. இது சட்டத்தில் இருப்பது. மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று தொடக்கத்திலேயே கேளுங்கள். கடையில் பேசும் அளவுக்கு ஆங்கிலம் தெரியும் என்பதால் "ஓகே, ஓகே" என்று தலையாட்டாதீர்கள். காய்கறி விலை பேசும் ஆங்கிலம் வேறு, வாக்குமூலத்து ஆங்கிலம் வேறு.

நான் நேரில் பார்த்த ஒன்றைச் சொல்கிறேன். ஒருவர், "நான்தான் அவருக்கு அடிச்சேன், அவர் எடுக்கல" என்றார். போன் அடித்தேன் என்று அர்த்தம். காகிதத்தில் வந்தது, அவரை அடித்ததாக. படித்துக் காட்டியபோது நல்ல வேளையாக விழித்துக்கொண்டு, "அய்யோ, போன் சார், போன்!" என்று கத்தினார். அடித்துத் திருத்தி, ஓரத்தில் சுருக்கொப்பம் போட்டார்கள். அவர் களைப்பில் தலையாட்டியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நான் பல நாள் யோசித்ததுண்டு.

மொழிச் சிக்கல் கற்பனை இல்லை. வீட்டுப் பணிப்பெண்ணாக இருந்த பார்த்தி லியானியைத் திருட்டு வழக்கிலிருந்து 2020 செப்டம்பரில் உயர் நீதிமன்றம் விடுவித்தபோது, அவர் பேசுவது பஹாசா இந்தோனேசியா, அவருக்குத் தரப்பட்டதோ மலாய் மொழிபெயர்ப்பு என்பதும் பேசப்பட்டது. அவ்வளவு நெருக்கமான இரண்டு மொழிக்கே அந்த நிலை. ஆகவே வரிக்கு வரி படிக்கச் சொல்லுங்கள். தப்பு இருந்தால் திருத்தச் சொல்லுங்கள், விட்டுப்போனதைச் சேர்க்கச் சொல்லுங்கள். கோபித்துக்கொண்டு கையெழுத்தே போட மாட்டேன் என்று எழுந்து வருவது மட்டும் வேண்டாம், அது வேறு சிக்கலில் கொண்டுபோய் விடும். சாட்சி வாக்குமூலத்தின் நகல் பொதுவாக உங்கள் கையில் கிடைக்காது. வெளியே வந்ததும் ஒரு காப்பி குடித்துக்கொண்டே, என்ன கேட்டார்கள், என்ன சொன்னீர்கள் என்று நோட்டில் எழுதி வையுங்கள்.

"வக்கீலைக் கூடவே கூட்டிட்டுப் போகலாமா?"

போவதற்கு முன் எத்தனை முறை வேண்டுமானாலும் பார்த்துப் பேசலாம். ஆனால் கேள்வி கேட்கும் அறைக்குள் வழக்கறிஞர் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் உரிமை இங்கே இல்லை. கைது செய்யப்பட்டவர் வழக்கறிஞரைக் கலந்தாலோசிக்கும் உரிமை அரசியலமைப்பின் 9-வது விதியில் இருக்கிறது. ஆனால் அது கைதான அடுத்த நிமிடமே கிடைக்க வேண்டும் என்பதில்லை, நியாயமான கால அவகாசத்துக்குள் என்றுதான் நீதிமன்றங்கள் பொருள் சொல்லியிருக்கின்றன.

சந்தேக நபர் சிறுவரோ, மனவளர்ச்சிக் குறைபாடு உள்ளவரோ என்றால், விசாரணைக்குச் சம்பந்தமில்லாத பயிற்சி பெற்ற தொண்டூழியர் ஒருவர் கூட உட்கார ஏற்பாடு இருக்கிறது. பெற்றோர் இதைக் கேட்டு உறுதிப்படுத்திக்கொள்வது நல்லது.

"சப்பீனா, சம்மன், ஆர்டர்னு ஆளாளுக்கு ஒண்ணு சொல்றாங்க. எது எது?"

காவல்துறையின் அழைப்பு விசாரணைக் கட்டத்தில் வருவது. அதை மேலே பார்த்துவிட்டோம். குற்ற வழக்கு நீதிமன்றத்துக்குப் போன பிறகு, சாட்சி சொல்ல வரும்படி நீதிமன்றம் அனுப்புவது சம்மன். பண விவகாரம், ஒப்பந்தத் தகராறு, விபத்து இழப்பீடு போன்ற சிவில் வழக்குகளில் வருவதைத்தான் நாம் காலங்காலமாகச் சப்பீனா என்கிறோம். 2022 ஏப்ரல் 1 முதல் நடப்புக்கு வந்த புதிய நீதிமன்ற விதிகளில் அந்தச் சொல்லையே எடுத்துவிட்டார்கள். இப்போது காகிதத்தில் இருப்பது "நீதிமன்றத்துக்கு வரும் ஆணை", அல்லது "ஆவணங்களைக் கொடுக்கும் ஆணை". பழைய வழக்கறிஞர்கள் இன்னும் சப்பீனா என்றுதான் சொல்கிறார்கள், நானும்தான்.

பெயர் எதுவானாலும் கட்டுப்பட்டே ஆக வேண்டும். சிவில் ஆணையை மீறினால் நீதிமன்ற அவமதிப்பாகும். சம்மனை மீறினால் வாரண்டு வரலாம். ஆவணங்களைக் கொடுக்கும் ஆணை மட்டும்தான் என்றால் நேரில் காத்திருந்து நேரம் போக்காதீர்கள்: கேட்ட ஆவணத்தைக் கொடுத்தால் போதும்.

"சம்மன் வந்தா கண்டிப்பா கூண்டுல ஏறணுமா?"

வந்தவர்கள் எல்லோரும் ஏறுவதில்லை. குற்றம் சாட்டப்பட்டவர் விசாரணைக்கு முந்தைய நாள் குற்றத்தை ஒப்புக்கொள்வார், உங்களுக்கு "வர வேண்டாம்" என்று போன் வரும். சில சமயம் இரு தரப்பும் ஒத்துக்கொண்டால் உங்கள் எழுத்து வாக்குமூலத்தையே சாட்சியமாக ஏற்றுக்கொள்வார்கள். சிவில் வழக்கில் தரப்பினர் கடைசி நிமிடத்தில் சமரசம் ஆவது சர்வ சாதாரணம். ஆனால் நீங்களாக முடிவு செய்துகொள்ளாதீர்கள். வேண்டாம் என்று யாராவது சொல்லும்வரை அந்த நாளைக் காலியாக வையுங்கள்.

"முதலாளி லீவு தரமாட்டேங்கிறார். போதாததுக்கு பர்மிட் வேற முடியுது. ஊருக்குப் போயிடலாமான்னு பார்க்கிறேன்."

முதலாளிக்கு ஆணையின் நகலைக் கொடுங்கள். ஆணை உங்கள் பெயருக்கு வந்தது. முதலாளி விடவில்லை என்பதை நீதிபதி காரணமாக எடுத்துக்கொள்வார் என்று நம்பிக்கொண்டிருக்காதீர்கள். விசாரணை அதிகாரியிடமோ, உங்களை அழைத்த வழக்கறிஞரிடமோ சொன்னால் அவர்களே முதலாளியிடம் பேசுவதும் உண்டு. பாதிப் பிரச்சினை ஒரு போனில் தீர்ந்துவிடும்.

பர்மிட் (வேலை அனுமதி) முடிந்தவர்கள் விசாரணைக்காக இங்கே இருக்க வேண்டியிருந்தால் சிறப்பு அனுமதி அட்டை கொடுப்பார்கள். சொல்லாமல் கொள்ளாமல் விமானம் ஏற நினைக்காதீர்கள். விவரம் தெரிந்த ஒருவர் நாட்டை விட்டுப் போகப்போகிறார் என்று தெரிந்தால், விசாரணைக்குத் தேவையான காலம்வரை அவரை இங்கேயே இருக்கச் சொல்லி உத்தரவு கேட்டு அரசுத் தரப்பு நீதிமன்றத்துக்குப் போகலாம். ஏற்கனவே தமிழ்நாட்டுக்குப் போய்விட்டவரை இங்குள்ள ஆணை அங்கே வந்து இழுக்காது என்பது உண்மைதான். ஆனால் மறுபடி சாங்கி விமான நிலையத்தில் இறங்கும் எண்ணம் இருந்தால் யோசித்துக்கொள்ளுங்கள்.

"கோர்ட்ல கீதை மேல கை வைக்கணுமா?"

சினிமாவில்தான். இங்கே பொதுவாகக் கிறிஸ்துவர்கள் பைபிளைத் தொட்டுச் சத்தியப்பிரமாணம் செய்வார்கள், மற்றவர்கள் "உண்மையையே சொல்வேன்" என்று உறுதிமொழி எடுப்பார்கள். இரண்டுக்கும் சட்டத்தில் ஒரே எடை. "நான் கீதை மேல் கை வைக்கவில்லை, அதனால் பொய் சொன்னால் பாவமில்லை" என்று ஒரு தாத்தா என்னிடம் வாதாடியிருக்கிறார். பாவக் கணக்கு எனக்குத் தெரியாது. சட்டக் கணக்கு கீழே வருகிறது.

சினிமாவில் வரும் வேறு சிலவும் இங்கே இல்லை. ஜூரி முறை 1970 முதல் கிடையாது, நீதிபதிதான் எல்லாம். உங்கள் முறை வரும்வரை வெளியே உட்கார வைப்பார்கள், மற்ற சாட்சிகள் சொல்வதைக் கேட்க முடியாது. பாதி சாட்சியத்தில் மதிய இடைவேளை வந்தால், சாப்பாட்டு மேசையில் வழக்கைப் பற்றி யாரிடமும் பேசக் கூடாது. நீதிபதியே அப்படிச் சொல்லி அனுப்புவார். தமிழ் மொழிபெயர்ப்பாளர் இருப்பார். அவர் முடிக்கும்வரை பொறுத்து, துண்டு துண்டாகப் பேசுங்கள்.

"ஞாபகம் இல்லைன்னு சொல்லித் தப்பிச்சுக்கலாமா?"

உண்மையிலேயே ஞாபகம் இல்லை என்றால் அதுதான் சரியான பதில். மூன்று வருஷத்துக்கு முந்தைய ஒரு செவ்வாய்க்கிழமை யார் என்ன சட்டை போட்டிருந்தார் என்று யாருக்கு ஞாபகம் இருக்கும்? தெரியாததைத் தெரிந்ததுபோல் ஊகித்துச் சொல்லி, குறுக்கு விசாரணையில் கிழிபட்டவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். மறதி குற்றமில்லை.

ஞாபகம் இருந்தும் இல்லை என்பது பொய். தலைக்குள் எட்டிப் பார்க்க முடியாதே என்று நினைக்கலாம். ஆனால் அன்று இரவு நீங்கள் அனுப்பிய வாட்ஸப் செய்தியை எட்டிப் பார்க்கலாம்.

"சின்னப் பொய்தானே? தம்பிக்கு பாயிண்ட் ஜாஸ்தி ஆயிருச்சு, நான் ஓட்டினதா சொல்லிட்டேன்."

இதை என்னிடம் சொன்னவர்கள் ஒருவர் இருவர் இல்லை. 24 மாதத்துக்குள் 24 தண்டனைப் புள்ளி சேர்ந்தால் ஓட்டுநர் உரிமம் இடைநீக்கமாகும், அதனால் வீட்டில் உள்ள "காலி" உரிமத்தின் மேல் பழியைப் போடுவார்கள். அம்மா, அக்கா, மனைவி, சில சமயம் வண்டி ஓட்டவே பயப்படும் மாமனார்.

தண்டனைச் சட்டத்தின் 182-வது பிரிவு இதற்காகவே இருப்பதுபோல் இருக்கும். அரசு ஊழியர் ஒருவர் செய்யக் கூடாததைச் செய்யவோ, செய்ய வேண்டியதை விடவோ வைக்கும் நோக்கத்தில், பொய் என்று தெரிந்தே தகவல் கொடுப்பது குற்றம். 2020-ல் நடப்புக்கு வந்த திருத்தத்துக்குப் பிறகு உச்சத் தண்டனை 2 ஆண்டு சிறை, அபராதம் அல்லது இரண்டும். அந்தப் பொய்யால் குறிப்பிடத்தக்க தீங்கு விளையக்கூடும் என்றால் பொதுவாகச் சிறைதான் என்று 2016-ல் உயர் நீதிமன்றத்தில் மூன்று நீதிபதிகள் அமர்ந்து வழிகாட்டியிருக்கிறார்கள். தம்பிக்குச் சில வாரம் வண்டி இல்லாமல் போயிருக்கும். இப்போது அண்ணன் தம்பி இரண்டு பேருக்கும் குற்றப் பதிவு.

சூதாட்டத்தில் சம்பளத்தை விட்டுவிட்டு, "வழியில் பறித்துக்கொண்டார்கள்" என்று புகார் கொடுப்பதும் இதே பிரிவில்தான் வரும். இல்லாத திருடனைத் தேடிக் காவலர்கள் அலைவார்கள், கேமராக்களைப் பார்ப்பார்கள், கடைசியில் உங்களிடமே வருவார்கள்.

"மனிதவள அமைச்சுல கேட்டப்ப முதலாளி சொல்லிக்குடுத்த சம்பளத்தைத்தான் சொன்னேன். அது என் தப்பா?"

மனிதவள அமைச்சு அதிகாரியும் அரசு ஊழியர்தான். குடிநுழைவு, சுங்கத்துறை, லஞ்ச ஊழல் புலனாய்வுப் பிரிவு எல்லாமே அப்படித்தான். முந்தைய பதிலில் சொன்னது அவர்களிடம் சொல்லும் பொய்க்கும் பொருந்தும். வேலை அனுமதிக்காக அமைச்சிடம் பொய்யாக அறிவிப்பதற்கு வெளிநாட்டு ஊழியர் வேலை நியமனச் சட்டத்தில் தனித் தண்டனையே இருக்கிறது: 20,000 வெள்ளி வரை அபராதம், 2 ஆண்டு வரை சிறை.

"முதலாளி சொல்லச் சொன்னார்" என்பது தண்டனையைக் குறைக்க உதவலாம், குற்றத்தை இல்லாமல் ஆக்காது. பயத்தில் சொன்னீர்கள் என்பது எனக்குப் புரிகிறது. அதனால்தான் சொல்கிறேன், இந்தப் பக்கத்தின் கடைசிக் கேள்விக்குப் போங்கள்.

"ஸ்டேஷன்ல பொய் சொல்றதும் கோர்ட்ல பொய் சொல்றதும் ஒண்ணா?"

இல்லை, கோர்ட்டில் கனம் அதிகம். சத்தியத்தின் பேரில் நீதிமன்றத்தில் பொய்ச் சாட்சி சொன்னால் தண்டனைச் சட்டத்தின் 193-வது பிரிவின்படி 7 ஆண்டு வரை சிறையும் அபராதமும். எழுத்தில் கொடுக்கும் சத்தியப் பத்திரமும் (அஃபிடவிட்) கணக்கில் வரும். "வக்கீல்தான் எழுதினார், நான் கையெழுத்துதான் போட்டேன்" என்பார்கள். கையெழுத்து யாருடையதோ, பொய்யும் அவருடையது.

"ஸ்டேஷன்ல ஒண்ணு சொன்னேன். ஆனா கோர்ட்ல மாத்திச் சொல்லி ஆளைக் காப்பாத்திடலாம்ல?"

இதுதான் எல்லோரும் தடுக்கி விழும் இடம். கோர்ட்டில் சொன்னது மட்டும்தான் கணக்கு என்று நினைக்கிறார்கள். நீங்கள் மாற்றிச் சொன்னால், பழைய வாக்குமூலத்தை எடுத்து உங்கள் முகத்துக்கு நேரே வாசிப்பார்கள். எது பொய் என்று கேட்பார்கள். அப்புறம் நீதிபதி, நீங்கள் கூண்டில் சொன்னதை ஒதுக்கிவிட்டு, பழைய வாக்குமூலத்தையே உண்மை என்று ஏற்றுத் தீர்ப்பு எழுதலாம். சாட்சியச் சட்டம் அதற்கு இடம் தருகிறது.

ஆக, காப்பாற்ற நினைத்தவர் காப்பாற்றப்படாமலே போகலாம், நீங்கள் பொய்ச் சாட்சிக் குற்றத்தில் நிற்கலாம். முதல் வாக்குமூலம்தான் தப்பு, இப்போது சொல்வதுதான் உண்மை என்றால் அது வேறு விஷயம். அதை விசாரணை நாள் வரை பொத்தி வைக்காதீர்கள்.

"வீட்டுக்காரருக்கு எதிரா சாட்சி சொல்லணுமா? பெத்த பிள்ளைக்கு எதிரா?"

மணவாழ்க்கையின்போது கணவர் உங்களிடம் பேசியதை வெளியிடும்படி உங்களைக் கட்டாயப்படுத்த முடியாது. காப்பது அந்தப் பேச்சைத்தான். அவர் இரத்தக்கறையோடு வீட்டுக்கு வந்ததை உங்கள் கண்ணால் பார்த்தீர்கள் என்றால் அது பேச்சில் சேராது. இந்தக் கோடு எங்கே விழுகிறது என்பது நுணுக்கமானது, வழக்கறிஞர் இல்லாமல் முடிவெடுக்க வேண்டாம்.

பிள்ளைக்கு அப்படி ஒரு பாதுகாப்பு இல்லை. அம்மாவாக இருந்தாலும் சம்மன் வந்தால் போய் உண்மையைச் சொல்ல வேண்டியதுதான். இதைச் சொல்லும்போது என் முன்னால் அழுதவர்கள் உண்டு, அவர்களுக்குச் சொல்ல என்னிடமும் வேறு பதில் இருந்ததில்லை. குடும்ப மருத்துவருக்கும் பூசாரிக்கும் இல்லாத ஒரு கவசம் வழக்கறிஞருக்கு உண்டு: ஆலோசனைக்காக அவரிடம் நீங்கள் சொன்னதை உங்கள் சம்மதம் இல்லாமல் வெளியிட முடியாது. இனிமேல் செய்யப்போகும் குற்றத்துக்கு ஆலோசனை கேட்டால் அந்தக் கவசமும் இல்லை.

"நீங்க சொன்னீங்களே, மாட்டிவிடுற கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டாம்னு. கோர்ட்லயும் அப்படித்தானா?"

இல்லை, அங்கே விதி மாறுகிறது. நான்காவது கேள்வியில் சொன்னது விசாரணை அறைக்கு. நீதிமன்றத்தில் சாட்சியாக நிற்கும்போது, வழக்குக்குத் தேவையான கேள்வி என்றால், அது உங்களையே மாட்டிவிடும் என்று சொல்லித் தப்பிக்க முடியாது. அதற்குப் பதிலாக வேறொரு பாதுகாப்பு இருக்கிறது: அப்படிக் கட்டாயத்தில் சொன்ன பதிலை வைத்து உங்கள் மேல் வழக்குப் போட முடியாது. அந்தப் பதிலே பொய்யாக இருந்தால் மட்டும் போடலாம்.

"பயத்துல வாட்ஸப் மெசேஜ் எல்லாம் அழிச்சுட்டேன். நான்தான் ஒண்ணும் பொய் சொல்லலியே?"

தண்டனைச் சட்டத்தின் 204ஏ பிரிவு வாயால் சொல்லும் பொய்யோடு நிற்காது. நீதியின் போக்கைத் தடுக்கும் எந்தச் செயலும் அதில் வரும்: செய்திகளை அழிப்பது, கணக்கைத் திருத்துவது, இன்னொரு சாட்சியை "நீ ஊருக்குப் போயிடு" என்று அனுப்பிவைப்பது. 7 ஆண்டு வரை சிறை.

பணம் கட்டியதே இந்தக் குற்றமான கதை எல்லோருக்கும் தெரிந்ததுதான். முன்னாள் அமைச்சர் எஸ். ஈஸ்வரன், தொழிலதிபர் ஓங் பெங் செங் ஏற்பாட்டில் தோஹாவிலிருந்து சிங்கப்பூருக்கு பிசினஸ் வகுப்பில் பறந்தார். லஞ்ச ஊழல் புலனாய்வுப் பிரிவு ஓங்கின் விமானப் பயணப் பட்டியலை எடுத்துவிட்டது என்று தெரிந்த பிறகு, 2023 மே மாதம் டிக்கெட்டுக்கான சுமார் 5,700 வெள்ளியைத் திருப்பிக் கட்டினார். கடனை அடைப்பது நல்ல காரியம்தானே என்று தோன்றும். எதற்காக, எப்போது அடைத்தார் என்பதைத்தான் சட்டம் பார்த்தது. அரசு ஊழியராக இருந்து அன்பளிப்பு வாங்கிய குற்றச்சாட்டுகளோடு இதையும் அவர் ஒப்புக்கொண்டார். 2024 அக்டோபரில் மொத்தம் 12 மாதச் சிறை. அதற்கு உடந்தையாக இருந்ததற்காக ஓங்குக்கு 2025 ஆகஸ்டில் 30,000 வெள்ளி அபராதம்.

நீங்கள் அழித்தது எதிர்முனையில் இருப்பவரின் போனில் அப்படியே இருக்கும் என்பதையும் சொல்லி வைக்கிறேன். இன்னும் அழிக்காமல் மீதி ஏதாவது இருந்தால் கையை வைக்காதீர்கள்.

"நாடாளுமன்றக் குழு முன்னால பேசுறதும் சாட்சியமா? அது கோர்ட் இல்லையே?"

கோர்ட் இல்லை, ஆனாலும் சாட்சியம்தான். நாடாளுமன்றத்தின் சிறப்புரிமைக் குழு ஆட்களை வரவழைக்கலாம், சத்தியம் வாங்கலாம். பாட்டாளிக் கட்சியின் அப்போதைய நாடாளுமன்ற உறுப்பினர் ரயீசா கான் நாடாளுமன்றத்தில் 2021 ஆகஸ்டில் சொன்ன பொய்யை விசாரித்த அந்தக் குழுவின் முன், அந்தக் கட்சியின் தலைமைச் செயலாளர் பிரித்தம் சிங் அந்த டிசம்பரில் சாட்சியம் அளித்தார். குழுவிடம் பொய் சொன்னதாக இரண்டு குற்றச்சாட்டுகளில் அவர் குற்றவாளி என்று 2025 பிப்ரவரி 17-ல் தீர்ப்பு. ஒவ்வொன்றுக்கும் 7,000 வெள்ளி அபராதம். மேல்முறையீடும் அந்த ஆண்டு டிசம்பரில் தள்ளுபடியானது. இதைப் பற்றி அரசியல் பேச ஆரம்பித்தால் காப்பிக்கடையில் பொழுது விடிந்துவிடும், அதனால் இத்தோடு நிறுத்துகிறேன்.

"ஒரு குற்றம் நடந்தது தெரியும். யாரும் என்னைக் கூப்பிடல. நானாப் போய்ச் சொல்லணுமா?"

எல்லாக் குற்றத்துக்கும் இல்லை. கொலை, கொள்ளை, தீவைப்பு போன்ற கடுமையான குற்றங்களின் பட்டியல் ஒன்று சட்டத்தில் இருக்கிறது. அவை நடந்தது தெரிந்தும், தகுந்த காரணம் இல்லாமல் சொல்லாமல் இருப்பது தவறு. பக்கத்து வீட்டுக்காரர் நடைபாதையில் சைக்கிள் வைத்ததற்கெல்லாம் போலிஸ் தேவையில்லை, நகர மன்றம் போதும்.

"அக்கா, நான் ஏற்கனவே பொய் சொல்லிட்டேன். இப்ப என்ன பண்றது?"

பொய்யைச் சொன்ன கணத்திலேயே குற்றம் முழுமையாகிவிட்டது. பிறகு திருத்தினால் அது அழிந்துவிடாது. அதனால்தான் தனியாக ஸ்டேஷனுக்கு ஓடாதீர்கள் என்கிறேன். முதலில் ஒரு வழக்கறிஞரைப் பாருங்கள். கையில் காசில்லை என்றால் புரோ போனோ எஸ்ஜி நடத்தும் இலவசச் சட்ட ஆலோசனை முகாம்கள் இருக்கின்றன. அங்கே சொல்வது வெளியே போகாது.

ஆனால் சீக்கிரம் பாருங்கள். விசாரணை தப்பான திசையில் போய், வேறொருவர் கைதாகி, அதன் பிறகு கேமராப் பதிவைக் காட்டியதும் ஒப்புக்கொள்வதற்கும், தீங்கு விளையும் முன் நீங்களாகவே வந்து திருத்துவதற்கும் நீதிபதி ஒரே எடை போடுவதில்லை. பதினைந்தாவது நாள் சொன்னவரையும் பார்த்திருக்கிறேன், பதினைந்தாவது மாதம் சொன்னவரையும் பார்த்திருக்கிறேன். முதலாமவர் எச்சரிக்கையோடு வீட்டுக்குப் போனார். போகும்போது ஆணை, கடிதம், தேதி எழுதிய நோட்டு எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு போங்கள். அந்த நோட்டை எழுதச் சொன்னது ஐந்தாவது கேள்வியில்.